சாயநீரும் நுண்ணுயிர்ப் பொருள்களும்

சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் இடங்களில் அண்மைக் காலமாக ஒரு கேள்வி நம்மிடம் அடிக்கடி கேட்கப்படுகிறது. “பாக்டீரியாவிலிருந்து எடுத்த ஒரு பொருளைச் சாயநீரில் இட்டால் நிறம் முழுவதும் போய்விடுமாமே, அது மெய்தானா? மெய்யென்றால் சங்கப் பணத்தில் அதனை வாங்கலாமா?” என்பதே அக்கேள்வி.

கேள்வி ஒன்றாயினும் கேட்போர் இரு திறத்தார். நெசவாளர் அங்கத்தினர், நூலுக்குச் சாயமிட வெளியூருக்கு அனுப்பிக் கூலியும் வண்டிச் சத்தமும் கொடுப்பதைக் காட்டிலும் தம் சங்கத்திலேயே ஒரு சிறு சாயப்பட்டறை வைத்துக்கொள்ளலாம் என்று கருதுகின்றனர். விவசாயி அங்கத்தினரோ, பட்டறை வந்தால் தம் கிணறு என்னவாகும் என்று அஞ்சுகின்றனர். பல ஊர்களில் இவ்விரு திறத்தாரும் ஒரே குடும்பத்தினராகவே இருக்கின்றனர். ஆதலால் இதற்கு விடை கூறுவது ஒரு தரப்பாருக்கு ஆதரவாகப் பேசுவதன்று. இருவருக்கும் பொதுவான நன்மையைத் தேடுவதேயாகும்.

நமது விடையைச் சுருக்கமாக முதலிலேயே கூறிவிடுகிறோம். அத்தகைய பொருள்கள் இருப்பது மெய். அவை நிறத்தை நீக்குவதும் மெய். ஆனால் நிறம் போவது வேறு, நீர் நலம் பெறுவது வேறு. இந்த வேறுபாட்டை அறிந்து பயன்படுத்துவோர்க்கு அவை துணை செய்யும்; அறியாதோர்க்கு அவை பொய்யான மன அமைதியைத் தரும். இதன் விவரத்தைக் கீழே காண்போம்.

நொய்யல் தரும் பாடம்

தருமபுரி மாவட்டம் திருப்பூரையோ கரூரையோ போலச் சாயத்தொழில் செறிந்த இடமன்று. எனினும் அவ்வூர்கள் பெரும் விலை கொடுத்துக் கற்ற பாடத்தை நாம் விலையின்றிக் கற்றுக்கொள்ளலாம்.

வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் கலப்பது நொய்யல். அதன் குறுக்கே, பாசனத்தின் பொருட்டு ஒரத்துப்பாளையத்தில் ஓர் அணை 1992-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு ஆற்றில் இறங்கி அவ்வணையில் தேங்கியது. பாசனத்திற்கென்று கட்டிய அணையின் நீரைப் பயிருக்கு விடாதீர்கள் என்று உழவர்களே வேண்டும் நிலை சில ஆண்டுகளில் வந்துவிட்டது. ஆயக்கட்டுதாரர்கள் சங்கமாகக் கூடி நீதிமன்றம் சென்றனர். சென்னை உயர்நீதிமன்றம் 2006-ஆம் ஆண்டு டிசம்பரில் தீர்ப்பளித்தது. உச்சநீதிமன்றம் 2009-ல் அதனை உறுதி செய்தது. கழிவுநீர் ஒரு துளியும் வெளியேறக் கூடாது என்னும் நிபந்தனை நிறைவேறாமையால், 2011-ஆம் ஆண்டு ஜனவரியில் திருப்பூரின் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடுமாறு உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலையிழந்தனர்.

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. திருப்பூர்ப் பட்டறைகள் பலவற்றில் அக்காலத்திலும் சுத்திகரிப்பு நிலையங்கள் இருந்தன. சுண்ணாம்பும் அன்னபேதியும் இட்டு நிறத்தைக் குறைத்தனர். பாக்டீரியாக்களைக் கொண்டு கரிமக் கழிவையும் சிதைத்தனர். அவ்வாறிருந்தும் நிலம் கெட்டது. காரணம், நீரில் கரைந்திருந்த உப்பு அப்படியே ஆற்றில் இறங்கியமைதான். கண்ணுக்குத் தெரிந்த நிறத்தைக் காட்டிலும் கண்ணுக்குத் தெரியாத உப்பே உழவரை மிகுதியும் வருத்தியது. இப்பாடத்தை நினைவில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

சாயநீரில் என்ன இருக்கிறது?

பருத்தி நூலுக்கு இன்று பெரிதும் இடப்படுவது ரியாக்டிவ் சாயம். இவ்வகை 1956-ல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. நூலோடு இரசாயன முறையில் பிணைந்துகொள்வதால் துவைத்தாலும் எளிதில் போவதில்லை. ஆனால் தொட்டியில் இடும் சாயம் முழுவதும் நூலோடு பிணைவதில்லை. ஒரு பகுதி நீரோடு வினைபுரிந்து வீணாகிவிடுகிறது. சாயத்தின் வகைக்கும் செய்முறைக்கும் ஏற்ப இவ்விழப்பு பத்தில் ஒரு பங்கு முதல் பத்தில் நான்கு பங்கு வரை ஆகலாம்.

சாயம் நூலை நாடிச் செல்லும் பொருட்டு உப்பு இடப்படுகிறது. சோற்றுப்பாகிய சோடியம் குளோரைடையோ கிளாபர் உப்பாகிய சோடியம் சல்பேட்டையோ, அழுத்தமான நிறங்களுக்கு லிட்டருக்கு 50 முதல் 80 கிராம் வரை இடுவர். பிணைப்பு நிகழச் சோடா உப்பு சேர்ப்பர். சாயத்தில் ஒரு பகுதியேனும் நூலில் தங்குகிறது; உப்போ நூலில் தங்குவதேயில்லை. இட்ட அளவு முழுவதும் வெளியே வந்துவிடுகிறது.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். நாளொன்றுக்கு 10 கிலோ நூலுக்குச் சாயமிடும் பட்டறை ஒன்றைக் கொள்வோம். நூலின் எடையில் நூற்றுக்கு 2 பங்கு சாயம் எனில் 200 கிராம். அதில் நூற்றுக்கு 30 பங்கு பிணையாது போனால் 60 கிராம் சாயம் நீரில் நிற்கும். சாயத் தொட்டிக்கு 100 லிட்டர், பின்னர் ஐந்து முறை அலச 500 லிட்டர், ஆக 600 லிட்டர் நீர். எனவே லிட்டருக்கு 100 மில்லிகிராம் சாயம் இருக்கும். தொட்டியில் லிட்டருக்கு 60 கிராம் வீதம் இட்ட 6 கிலோ உப்பு, 600 லிட்டரில் பரவினால் லிட்டருக்கு 10,000 மில்லிகிராம். நீர்நிலையில் விடும் கழிவில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. சோடா உப்பைக் கணக்கில் சேர்க்காமலே அதனைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு இருக்கிறது. இவ்விரு எண்களையும், அதாவது 60 கிராம் சாயம், 6 கிலோ உப்பு என்பனவற்றை, அங்கத்தினர்கள் மறவாதிருக்க வேண்டுகிறோம்.

பாக்டீரியா தரும் பொருள்கள்

நுண்ணுயிரைக் கொண்டு சாயத்தை நீக்கும் வழிகள் இரண்டு. உயிருள்ள பாக்டீரியாக்களை நீரில் வளர்த்துச் சாயத்தைச் சிதைக்கச் செய்வது ஒன்று. பாக்டீரியாவின் உடலையோ அது உண்டாக்கிய பொருளையோ எடுத்து, அதன்மேல் சாயம் ஒட்டிக்கொள்ளுமாறு செய்வது மற்றொன்று.

முதல் வழியில் ஓர் எச்சரிக்கை வேண்டும். சாயங்களில் பெரும்பகுதி அசோ வகையைச் சேர்ந்தது. காற்றில்லாத தொட்டியில் பாக்டீரியாக்கள் அசோ பிணைப்பை அறுத்துவிடும், நிறமும் போய்விடும். ஆனால் அறுந்த துண்டுகள் அமீன்கள் எனப்படும் பொருள்களாக நீரில் நிற்கும். அவற்றுட் சில புற்றுநோய்க்குக் காரணமானவை. அதனாலேயே அத்தகைய அமீன்களைத் தரும் 112 சாயங்களைக் கையாளுவதற்கு நமது நாட்டில் 1990-களில் தடை விதிக்கப்பட்டது. காற்றில்லாத தொட்டிக்குப் பின் காற்றூட்டும் தொட்டி ஒன்றும் இருந்து, அந்த அமீன்களும் சிதைந்தாலன்றி இவ்வழி முற்றுப்பெறாது. தேர்ந்த மேற்பார்வை இல்லாத சிறு பட்டறைக்கு இது கடினமான வேலை.

இரண்டாம் வழியில் வருவனவே அங்கத்தினர்கள் நம்மிடம் கேட்கும் பொருள்கள். அவை மூவகைப்படும்.

முதலாவது, உலர்த்திப் பொடியாக்கிய பாக்டீரியா உடல்கள். உணவுக்குச் சுவையூட்டும் குளுட்டமேட் என்னும் பொருள் பாக்டீரியாவைக் கொண்டு பெருந்தொட்டிகளில் தயாராகிறது. பொருளை எடுத்தபின் எஞ்சும் பாக்டீரியாச் சக்கை மலைமலையாகக் குவிகிறது. அதனை உலர்த்தி ரியாக்டிவ் சாயங்களை நீக்கப் பயன்படுத்தலாம் என்பதனைத் தென்கொரியாவின் சொன்புக் தேசியப் பல்கலைக்கழகத்தில் விரிவாக ஆராய்ந்தனர். கழிவைக் கொண்டு கழிவை நீக்கும் இவ்வழி, மூன்றிலும் செலவு குறைந்ததாகத் தோன்றுகிறது.

இரண்டாவது, பாக்டீரியாக்கள் தம்மைச் சுற்றிச் சுரக்கும் பசைகள். ஜப்பானியர் உண்ணும் நாட்டோ என்னும் புளித்த சோயாவில் நூல்நூலாக இழையும் பசை, பாலி குளுட்டாமிக் அமிலம் எனப்படுவது. கலங்கிய நீரில் தூசியைத் திரட்டிப் படிய வைக்க அதனை அந்நாட்டில் பயன்படுத்துகின்றனர். நம் வீடுகளில் தேற்றாங்கொட்டையை இழைத்துக் கலங்கல் நீரைத் தெளிய வைத்தார்களே, அதை ஒத்த செயல்தான் இது.

மூன்றாவது, பாக்டீரியா நெய்யும் செல்லுலோஸ். காடி தயாரிக்கும் ஒருவகைப் பாக்டீரியா, இனிப்புக் கலந்த நீரின்மேல் தடித்த ஆடையாகப் படர்கிறது என்பதனை 1886-ல் ஏட்ரியன் பிரவுன் என்னும் ஆங்கில விஞ்ஞானி எழுதினார். பருத்தியில் உள்ள செல்லுலோஸே இதுவும். ஆனால் இதன் இழைகள் பருத்தி இழையைவிடப் பன்மடங்கு நுண்ணியவை. ஈரமான ஆடையில் நூற்றுக்கு 99 பங்கு வரை நீரே இருக்கும். தேங்காய்த் தண்ணீரில் இவ்வாறே வளர்த்து ‘நாட்டா டி கோகோ’ என்னும் தின்பண்டமாகப் பிலிப்பைன்ஸ் நாட்டவர் விற்கின்றனர். பஞ்சு விளைவிக்கும் செடிக்கு மாதங்கள் வேண்டும். இப்பாக்டீரியாவுக்கு ஒன்றிரண்டு வாரம் போதும். அதன் உணவு சர்க்கரைப் பொருள். பாலக்கோட்டிலும் கோபாலபுரத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் கண்ட நமது மாவட்டத்தாருக்குக் கரும்புப் பாகின் கழிவு புதிதன்று. அதுபோன்றவற்றையும் இதற்கு உணவாக்கலாம் என ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன.

ஒட்டிக்கொள்வது எவ்வாறு?

நமது மாவட்டத்தில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெட்ட துன்பம் அனைவரும் அறிந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டதும் அத்துன்பத்தின் பொருட்டேயாகும். அலுமினாத் துகள்கள் நிரப்பிய வடிகலத்தின் வழியே நீரை விட்டு ஃபுளோரைடைப் பிடிக்கும் முறையைச் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். சாயத்தைப் பிடிப்பதும் அத்தகைய வேலைதான். நீரில் கரைந்துள்ள பொருள், திடப்பொருளின் மேற்பரப்பில் போய் ஒட்டிக்கொள்கிறது. இதனைப் பரப்புக் கவர்ச்சி என்பர். மேற்பரப்பு எவ்வளவு மிகுதியோ அவ்வளவு பிடிப்பு மிகும். நுண்ணிய இழையும் நுண்ணிய பொடியும் விரும்பப்படுவது இதனால்தான்.

பரப்பு மட்டும் போதாது. மின்னேற்றமும் பொருந்த வேண்டும். எதிர்க்குறியுடையவை ஒன்றையொன்று இழுக்கும். ஒத்த குறியுடையவை ஒன்றையொன்று தள்ளும். பருத்திக்கு இடும் ரியாக்டிவ் சாயமும் பட்டுக்கு இடும் ஆசிட் சாயமும் நீரில் எதிர்மின்னேற்றம் உடையவை. பாக்டீரியா உடலில் அமீன் தொகுதிகளும் உண்டு, கார்பாக்சில் தொகுதிகளும் உண்டு. நீர் புளிப்பாக, அதாவது அமிலமாக இருக்கும்போது அமீன் தொகுதிகள் நேர்மின்னேற்றம் பெற்றுச் சாயத்தை இழுக்கும். நீர் காரமானால் அதே பொடி சாயத்தைத் தள்ளிவிடும். கொரிய ஆய்வுகளிலும் கடுமையான அமிலத்தில்தான் பொடி மிகுதியான சாயத்தைப் பிடித்தது. காரநீரில் இட்டபோது பிடித்ததை விட்டுவிட்டது. விட்டுவிடுவதிலும் ஒரு நன்மையுண்டு. பொடியைக் கழுவி மறுமுறை பயன்படுத்தலாம். ஆயின் கழுவிய நீரில் சாயம் மீண்டும் வந்து நிற்கிறது என்பதை மறக்கலாகாது.

ஆய்வுக்கூடமும் பட்டறையும்

இனி, விளம்பரங்களில் சொல்லப்படும் எண்களை எவ்வாறு மதிப்பிடுவது என்று பார்ப்போம்.

பல ஆய்வுகளில் சோதனைக்கு எடுத்துக்கொள்ளப்படுவது மெத்திலீன் நீலம் என்னும் சாயம். இது நேர்மின்னேற்றம் உடையது. செல்லுலோஸும் பசைகளும் இயல்பாகவே எதிர்மின்னேற்றம் உடையவையாதலால் அதனை எளிதில் பிடித்துக்கொள்கின்றன. ஆனால் நம் நெசவாளர் மெத்திலீன் நீலத்தால் சேலைக்குச் சாயமிடுவதில்லை! ரியாக்டிவ் சாயம் நேர்மாறான குறியுடையது. அதனைப் பிடிக்க வேண்டுமாயின் செல்லுலோஸ் ஆடையோடு அமீன் தொகுதிகளைச் சேர்த்துப் பக்குவப்படுத்த வேண்டும், செலவு கூடும். ஆகவே “நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு நிறம் போயிற்று” என்று யாரேனும் கூறினால், எந்தச் சாயம் என்பதே முதற்கேள்வியாக இருக்கட்டும்.

அடுத்தது, நீரின் தன்மை. ஆய்வுக்கூடத்தில் சுத்த நீரில் சாயத்தைக் கரைத்துச் சோதிக்கின்றனர். பட்டறை நீரிலோ உப்பு, சோடா, சோப்பு, நூலின் கஞ்சி எல்லாம் கலந்திருக்கும். பட்டறையாயின் பட்டுப்பசை நீக்கிய நீரும் சேரலாம்; கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு பசையாகவே கரைந்து வருவதை நமது பட்டுக்கூடு வளர்ப்போரும் பட்டு நெய்வோரும் அறிவர். இவை யாவும் பொடியின் பரப்பில் இடம் பிடித்துக்கொள்ளும். மேலும், சாயத் தொட்டியின் நீர் சோடாவினால் கடுங்காரமாக இருக்கும். பொடி வேலை செய்ய அதனை அமிலமாக்க வேண்டும். வெளியே விடுமுன் மீண்டும் சுண்ணாம்பிட்டு நடுநிலையாக்க வேண்டும். இவ்விரண்டும் நீரில் உப்பைக் கூட்டுமேயன்றிக் குறைக்கா.

மூன்றாவது, செலவு. மேற்சொன்ன பட்டறையில் நாளொன்றுக்கு 60 கிராம் சாயத்தை நீக்க வேண்டும். ஒரு கிராம் பொருள் ஆய்வுக்கூடத்தில் 100 மில்லிகிராம் சாயத்தைப் பிடிக்கிறது என்று கொண்டால், 600 கிராம் வேண்டும். பட்டறை நீரில் அதன் திறன் மூன்றில் ஒரு பங்காகக் குறையுமாயின் 1.8 கிலோ வேண்டும். மாதத்திற்கு 25 நாள் வேலை என்றால் 45 கிலோ. அம்மாதத்தில் சாயமிட்ட நூல் 250 கிலோ. பொருளின் விலை கிலோவுக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ நூலுக்கு 18 ரூபாய் ஏறும். 500 ரூபாயானால் 90 ரூபாய் ஏறும். அமிலம், சுண்ணாம்பு, ஆள்கூலி, கழிவு அகற்றல் ஆகியவை இதற்குமேல். விற்போர் கூறும் விலையை இக்கணக்கில் பொருத்திப் பார்த்த பிறகே தீர்மானம் எழுத வேண்டும்.

உப்புக்கு என்ன வழி?

பரப்புக் கவர்ச்சி சாயத்தைப் பிடிக்கும். 6 கிலோ உப்பை அது தொடுவதில்லை. நிறம் நீங்கித் தெளிந்த நீரைக் கண்டு மகிழ்ந்து வாய்க்காலில் திறந்துவிட்டால், நொய்யல் உழவர் அடைந்த துன்பத்தையே நம் உழவரும் அடைவர். நிறமுள்ள நீரையாவது கண்டு விலகலாம். நிறமற்ற உப்புநீர் ஐயமின்றி வயலில் பாயும். மண் இறுகும், முளைப்பு குறையும், கிணறு கரிக்கும். ஃபுளோரைடினால் ஏற்கெனவே நலிந்த நிலத்தடி நீருக்கு இது இரட்டைச் சுமையாகும்.

எனினும் மனம் தளர வேண்டியதில்லை. நீரைப் பிரித்துப் பிடிக்கும் எளிய முறை ஒன்று பெரும்பயன் தரும். கணக்கைப் பாருங்கள்.

சாயமிட்ட 10 கிலோ நூலைத் தொட்டியிலிருந்து தூக்கி நன்றாக வடியவிட்டால், நூலில் ஏறத்தாழ 20 லிட்டர் நீர் தங்கும் என்று கொள்வோம். தொட்டியில் எஞ்சிய 80 லிட்டரில் 4.8 கிலோ உப்பு நின்றுவிடும். நூலோடு போனது 1.2 கிலோ. முதல் அலசலில் 100 லிட்டர் சேர்த்து மீண்டும் வடியவிட்டால், அதில் 1 கிலோ வந்துவிடும். நூலில் தங்குவது 200 கிராமே. ஆக, முதல் இரண்டு நீரும் சேர்ந்து 180 லிட்டர். அதில் 6 கிலோவில் 5.8 கிலோ உப்பு அடங்கிவிட்டது. எஞ்சிய நான்கு அலசல்களின் 400 லிட்டரில், இட்ட உப்பினால் வருவது லிட்டருக்கு 500 மில்லிகிராம் அளவே.

எல்லா நீரையும் ஒரே குழியில் கலந்தால் 600 லிட்டரும் பயனற்றதாகும். இரண்டாகப் பிரித்தால் 180 லிட்டர் மட்டுமே கடினமான நீர். 400 லிட்டர் எளிய நீர். பிந்திய அலசல்களில், குறிப்பாகக் கொதிநீரில் சோப்பிட்டு அலசும்போது, பிணையாத சாயம் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும். உப்பு குறைவு, காரம் குறைவு, சாயமும் குறைவான இந்நீரே பாக்டீரியாப் பொருள்களுக்கு உகந்த களம். இங்கு அவற்றைக் கொண்டு நிறத்தை நீக்கி, மறுநாள் முதல் அலசலுக்கு அந்நீரையே பயன்படுத்தலாம். தண்ணீர்ப் பஞ்சம் மிக்க நமது மாவட்டத்தில் இதுவே ஒரு வருவாய் ஆகும்.

உப்பு மிகுந்த 180 லிட்டரை இரு வகையில் கையாளலாம். திருப்பூரில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் உப்புக் கரைசலை மீட்டு மீண்டும் சாயமிடவே அனுப்புகின்றன. சிறு பட்டறையில் அது இயலாதெனில், அடிக்கு நீர்புகாத் தகடு விரித்த பாத்தியில் வெயிலில் ஆவியாக்கலாம். நாளொன்றுக்கு 4 மில்லிமீட்டர் ஆவியாகும் எனக் கொண்டால், 180 லிட்டருக்கு 45 சதுர மீட்டர், அதாவது ஒரு சென்டுக்குச் சற்று மிகுதியான பரப்பு வேண்டும். மழை நாளையும் மேகமூட்டத்தையும் கருதி இரு மடங்காக வைத்துக்கொள்வதே விவேகம். மழைநீர் புகாதபடி கூரையும் அமைய வேண்டும். 10 கிலோ நூலுக்கே இவ்வளவு இடம் எனில், நூறு கிலோவுக்கு என்ன ஆகும் என்பதனை அங்கத்தினர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். பட்டறையின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது சாயத் தொட்டியன்று, இந்த ஆவிப்பாத்தியே.

சங்கத்திலேயே செய்யும் சோதனை

பொருளை வாங்குமுன் சிறிதளவு மாதிரி பெற்று, விற்பவரை உடன்வைத்துக்கொண்டு கீழ்க்கண்டவாறு சோதிக்கலாம்.

1. நமது தொட்டியிலிருந்து எடுத்த நீரையே கொள்க. ஒரு லிட்டர் அளவுள்ள ஐந்து கண்ணாடிப் புட்டிகளில் ஊற்றி, ஒன்றில் பொருள் ஏதும் இடாமலும், மற்றவற்றில் 1, 2, 4, 8 கிராம் வீதமும் இடுக.

2. ஒரு மணி நேரம் கலக்கி, பின் படியவிட்டு, மெல்லிய துணியிலும் வடிதாளிலும் வடிகட்டி, வெள்ளைத் தாளின் முன் வைத்து நிறத்தை ஒப்பிடுக.

3. அன்னபேதியும் சுண்ணாம்பும் இட்ட புட்டி ஒன்றையும், சாதாரணக் கிளர்வூட்டிய கரி இட்ட புட்டி ஒன்றையும் அருகில் வைக்க. புதிய பொருள் பழைய பொருளைவிட மேலானதா, விலைக்குத் தக்கதா என்பது இவ்வொப்பீட்டில் தெரிந்துவிடும்.

4. மின்கடத்துத்திறன் காட்டும் சிறு கருவியால் எல்லாப் புட்டிகளையும் அளக்க. கருவி காட்டும் மைக்ரோசீமன்ஸ் எண்ணை 0.64-ஆல் பெருக்கினால் கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என ஏறத்தாழக் கிடைக்கும். நிறம் போன புட்டியிலும் எண் குறையாதிருப்பதை அங்கத்தினர் நேரில் காண்பது நல்லது.

5. கிணற்று நீரில் ஒரு தட்டும், தெளிந்த சாயநீரில் ஒரு தட்டும் வைத்து, ஒவ்வொன்றிலும் நூறு கேழ்வரகு விதையோ பச்சைப்பயறோ முளைக்க விடுக. முளைத்த எண்ணிக்கையும் வேரின் நீளமும் எந்த விளம்பரத்தையும்விடத் தெளிவாகப் பேசும்.

இச்சோதனைகள் அரசு அனுமதிக்கு ஈடாகா. சங்கத்தின் பணம் வீணாகாதிருக்கவே இவை.

பயன்பட்ட பொருள் உரமாகுமா?

“பாக்டீரியாவிலிருந்து வந்ததுதானே, மக்கும் பொருள்தானே, வயலுக்கு எருவாக இடலாமே” என்று சிலர் சொல்லக்கூடும். இது ஆபத்தான பேச்சு. பொருள் மக்கும்; அதில் ஏறிய சாயம் மக்கும் என்பதற்கு உறுதியில்லை. மண்ணில் காற்றில்லாத இடங்களில் அசோ சாயம் அமீனாக மாறவும் கூடும். சில சாயங்களில் செம்பு போன்ற உலோகமும் பிணைந்திருக்கும். சாயம் ஏறிய பொடியையும் ஆவிப்பாத்தியில் எஞ்சும் உப்பையும் கழிவாகவே கருதி, மழைபடாத இடத்தில் மூட்டையிட்டு வைத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அங்கீகரித்த இடத்துக்கே அனுப்ப வேண்டும். நீரிலிருந்து நீக்கியதை நிலத்தில் இட்டால், துன்பம் இடம் மாறியதேயன்றித் தீர்ந்ததாகாது.

நிர்வாகக் குழு கவனிக்க வேண்டியவை

சாயப்பட்டறை எத்துணைச் சிறிதாயினும், 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின்கீழ் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு பெற்ற பிறகே தொடங்க வேண்டும். இடத்தைப் பொறுத்தும் கட்டுப்பாடு உண்டு. மிகுந்த மாசு தரும் தொழில்களை ஆறு, ஓடை, நீர்நிலைகளிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் அமைக்கத் தமிழக அரசு 1989-ல் தடை விதித்தது. காவிரி, பெண்ணை உள்ளிட்ட முக்கிய ஆறுகளுக்கு இத்தொலைவு 1998-ல் 5 கிலோமீட்டராக்கப்பட்டது. சாயத்தொழில் அப்பட்டியலில் அடங்கும். நமது மாவட்டம் இவ்விரு ஆறுகளின் நீர்ப்பிடிப்பில் உள்ளது. ஆகவே நிலம் வாங்குமுன்னரே வாரிய அலுவலகத்தில் கேட்டுத் தெளிவதே முறை. எந்திரம் வாங்கியபின் கேட்பது முறையன்று.

பொருளை விற்க வருவோரிடம் ஐந்து கேள்விகளைக் கேட்டு, விடைகளை எழுத்தில் பெறுக. எந்தச் சாயத்தில் சோதித்தீர்கள்? உப்பும் சோடாவும் உள்ள நீரிலா, சுத்த நீரிலா? எத்தனை முறை கழுவிப் பயன்படுத்தலாம், கழுவிய நீரை என்ன செய்வது? உப்பின் அளவு என்ன ஆகும்? பயன்பட்ட பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா? ஐந்துக்கும் நேரான விடை தருபவரோடு மேற்கொண்டு பேசலாம். முதல் கேள்வியிலேயே தயங்குபவருக்கு நன்றி கூறி அனுப்பிவிடலாம்.

சாயமிடும் முறையிலேயே கழிவைக் குறைப்பது எல்லாவற்றினும் சிறந்தது என்பதனையும் சொல்ல வேண்டும். உப்பு குறைவாக வேண்டும் சாயங்கள் விற்பனையில் உள்ளன. குறைந்த நீரில் சாயமிட்டால் உப்பும் குறையும். ஏனெனில் உப்பை லிட்டர் கணக்கில் இடுகிறோம். நூலை அவசரப்படாமல் வடியவிடுவதற்கு ஒரு காசும் செலவில்லை. இவற்றைச் செய்தபின் எஞ்சும் நிறத்துக்கே பாக்டீரியாப் பொருள்களின் துணையை நாடுதல் வேண்டும்.

இக்கட்டுரையில் கூறிய கணக்குகளைத் தத்தம் சங்கத்தின் நூல் அளவுக்கும் நீர் அளவுக்கும் ஏற்ப மாற்றி எழுதி, அடுத்த பொதுச்சபையில் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். அக்கூட்டத்துக்குப் பட்டறை அமையும் இடத்தைச் சுற்றிலும் கிணறு வைத்திருப்போர் அங்கத்தினரல்லாராயினும் அவர்களையும் அழையுங்கள். பட்டறை தொடங்குமுன் அவர்கள் கிணறுகளின் நீரைச் சோதித்து, எண்களைச் சங்கக் குறிப்பேட்டில் பதிந்து, ஆண்டுக்கு இருமுறை மீண்டும் சோதியுங்கள். கிணற்றின் கணக்கும் சங்கத்தின் வரவுசெலவுக் கணக்கைப் போலவே அனைவர் முன்னும் படிக்கப்படுமாயின், நெசவாளரும் விவசாயியும் ஒருவரையொருவர் ஐயுற வேண்டிய தேவை எழாது.